வழிப்பிள்ளையாருக்கு யார் வீட்டுத் தேங்காய்?



1977 அக்டோபர் 3ஆம் தேதி, டெக்சாஸ் மாநிலத்து மெக்காலன் நகரில், ரோஸி ஹிமெனெஸ் என்ற பெண் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இறந்தார். வயது 27. மெக்சிக வம்சாவளி. ஒரு சிறு பெண்குழந்தைக்குத் தாய். கல்லூரி மாணவியும்கூட, சிறப்புக் குழந்தைகளுக்கு ஆசிரியையாக வேண்டும் என்று படித்துக்கொண்டிருந்தார், பட்டம் கைக்கு வரச் சில மாதங்களே பாக்கி. கருக்கலைப்பு பெண்ணின் உரிமை என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் 1973லேயே சொல்லிவிட்டது. ஆனால் ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் காப்பீட்டிலிருந்து அதற்குப் பணம் கொடுக்கக்கூடாது என்று 1976இல் ஹைடு திருத்தம் வந்தது. 1977 ஆகஸ்டில் நடைமுறைக்கும் வந்தது. இரண்டே மாதம். ரோஸி, மலிவாகச் செய்து தருவதாகச் சொன்ன ஒருவரிடம் போனார். கிருமித்தொற்று ரத்தத்தில் ஏறியது. அவர் இறந்தபோது கைப்பையில் 700 டாலருக்கு ஒரு காசோலை இருந்தது. கல்லூரி உதவித்தொகை. படிப்புக்கு வந்த பணத்தை அவர் வேறு எதற்கும் தொடவில்லை.

அமெரிக்காவில் கருக்கலைப்பு உரிமைக்காக இயங்கும் அமைப்புகளுக்கு ரோஸி தெய்வம் மாதிரி. பயிற்சிக்கு வந்து சேரும் கல்லூரி மாணவியின் காதிலும் இந்தக் கதை சீக்கிரமே விழுந்துவிடும். கதையைச் சொல்லிவிட்டு அந்த மாணவியை மூன்று மாதம் சம்பளமில்லாமல் உட்காரவைக்கும் வழக்கமும் அங்கே உண்டு. அந்த முரண்பாட்டைத்தான் இன்று இந்த மேடையில் உரித்துப் பார்க்க வேண்டும்.

அந்த அமைப்புகள் தங்கள் வேலைக்கு வைத்திருக்கும் பெயரை ‘இனப்பெருக்க நீதி’ என்று தமிழில் எழுதுகிறார்கள். அதில் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் மகரந்த வாசனை அடிக்கிறது. பிள்ளைப்பேற்று நீதி என்றால் கொஞ்சம் மனித வாசனை வருகிறது. இந்தப் பேச்சு முடியும்வரை அப்படியே இருக்கட்டும்.

1994 ஜூனில் சிகாகோவில் கூடிய 12 கறுப்பினப் பெண்கள் உருவாக்கிய சொல் அது. அவர்களில் ஒருவர் லோரெட்டா ராஸ். கருக்கலைப்பு உரிமை பேசிய வெள்ளைக்கார அமைப்புகள் ‘தேர்வு’, ‘தேர்வு’ என்றன. கையில் காசு இல்லாதவளுக்கு ஏது தேர்வு என்று இந்தப் பன்னிரண்டு பேரும் கேட்டார்கள். பிள்ளை பெறாமல் இருக்க உரிமை, பெற்றுக்கொள்ள உரிமை, பெற்ற பிள்ளையைப் பயமில்லாத இடத்தில் வளர்க்க உரிமை என்று மூன்றையும் சேர்த்தே கேட்டார்கள். இரண்டாவது உரிமையைக் கேட்கக் காரணம் இருந்தது. 1973இல் அலபாமாவின் மாண்ட்கோமரியில் 14, 12 வயதான ரெல்ஃப் சகோதரிகள் இருவருக்குக் கருத்தடை அறுவை செய்துவிட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாய், ஊசி போடப்போகிறார்கள் என்று நம்பிக் காகிதத்தில் பெருக்கல் குறி போட்டிருந்தார். 1994 ஆகஸ்டில், சிகாகோவில் கூடிய அந்தப் பெண்கள் வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகையில் விளம்பரமே கொடுத்தார்கள், 800க்கு மேற்பட்ட கறுப்பினப் பெண்களின் கையெழுத்தோடு.

அந்த மரபில் வந்ததாகச் சொல்லிக்கொள்ளும் அலுவலகத்தில், சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்புக்கு யார் வர முடியும்? அப்பா வாடகை கட்டுகிற பெண் வருவாள். கோடை விடுமுறையில் கடையில் நின்று அடுத்த செமஸ்டர் கட்டணம் சேர்க்க வேண்டியவள் வரமாட்டாள். யாருடைய வாழ்க்கையிலிருந்து இந்தச் சொல் பிறந்ததோ அவள் பிள்ளை வாசலோடு நின்றுவிடுகிறாள். ‘அனுபவம் கிடைக்கிறதே, கல்லூரியில் கிரெடிட் கிடைக்கிறதே’ என்கிறார்கள். பல கல்லூரிகளில் அந்தக் கிரெடிட்டுக்கும் கட்டணம் உண்டு. அதாவது வேலையும் செய்து, வேலை செய்ததற்குப் பணமும் கட்ட வேண்டும். பண்ணையார் காலத்தில்கூட இப்படி ஒரு கணக்கு இருந்ததா தெரியவில்லை.

அமெரிக்கச் சட்டம் என்ன சொல்கிறது? 1938இல் வந்த நியாயமான தொழிலாளர் தரச் சட்டம் குறைந்தபட்சக் கூலியை வகுத்தது. ‘பிளாக் ஸ்வான்’ படத்தில் கூலியில்லாமல் வேலை செய்த இளைஞர்கள் 2011இல் ஃபாக்ஸ் சர்ச்லைட் படக் கம்பெனி மீது வழக்குப் போட்டார்கள். 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், இந்த உறவில் அதிக ஆதாயம் யாருக்கு என்று பார்க்க வேண்டும் என்றது. 2018இல் தொழிலாளர் துறையும் அதே அளவுகோலை ஏழு கேள்விகளாக எடுத்துக்கொண்டது. நல்லது. ஆனால் அந்தக் கேள்விகள் லாபம் பார்க்கும் கம்பெனிகளுக்கு. தொண்டு நிறுவனத்தில் கூலியை எதிர்பாராமல் தன்னார்வமாக வருபவருக்குப் பொதுவாகச் சம்பளம் தர வேண்டியதில்லை என்று அதே துறையின் விளக்கக் குறிப்பு சொல்கிறது. சினிமாக் கம்பெனி வாசலில் நிற்கும் கேள்வி, நீதி பேசும் அமைப்பின் வாசலில் நிற்பதில்லை! கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பவரைச் சட்டம் தடுக்காமல் இருக்கலாம். தேங்காய் கடைக்காரனுடையதுதான்.

‘எங்களிடம் பணமே இல்லையே’ என்று முன்வரிசையில் ஒருவர் முணுமுணுப்பது மேடைவரை கேட்கிறது. உண்மைதான், சின்ன அமைப்புகளிடம் இருக்காது. அதற்கும் வழி கண்டவர்கள் உண்டு. மாசச்சூசெட்ஸ் மாநிலத்து ஆம்ஹர்ஸ்ட் நகரில் ஹாம்ப்ஷயர் கல்லூரி என்று ஒன்று. 1981இல் அங்கே ஒரு திட்டம் தொடங்கியது. பின்னால் அதற்குக் கலெக்டிவ் பவர் என்ற பெயர் வந்தது. தத்துவப் பேராசிரியை மார்லீன் கெர்பர் ஃப்ரீட் அதை நெடுங்காலம் நடத்தினார். 1993இல் கருக்கலைப்பு நிதியங்களின் தேசிய வலையமைப்பு உருவானபோது அதன் முதல் தலைவரும் அவர்தான். அந்தத் திட்டம் கோடையில் மாணவிகளை நாட்டின் பல அமைப்புகளுக்கு இன்டர்ன்களாக அனுப்பியது. உதவித்தொகையை வேலை வாங்கும் அமைப்பு தேட வேண்டியதில்லை. திட்டமே திரட்டிக் கொடுத்தது. ஐந்து பேர் வேலை செய்யும் அமைப்புக்கும் ஆள் கிடைத்தது, மாணவிக்கும் கை நனைந்தது. வெள்ளை மாளிகையே 2022 இலையுதிர் காலத்தில்தான் தன் இன்டர்ன்களுக்குச் சம்பளம் கொடுக்கத் தொடங்கியது. அதற்குப் பல வருடம் முன்பே ஒரு சின்னக் கல்லூரி வளாகத்தில் இதைச் செய்து காட்டினார்கள்.

பணம் கொடுத்துவிட்டால் கடமை முடிந்ததா? இனிமேல்தான் இருக்கிறது.

கருக்கலைப்பு நிதியம் என்றால் என்ன, அங்கே மாணவி என்ன செய்கிறாள் என்று கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். கருக்கலைப்புக்குப் பணம் போதாதவர்கள் ஹாட்லைனுக்குப் போன் செய்து செய்தி விடுகிறார்கள். இன்டர்ன் காலையில் வந்து அவற்றைக் கேட்டு எழுதுகிறாள். பிறகு ஒவ்வொருவரையும் திருப்பி அழைக்கிறாள். எத்தனை வாரம், எந்த கிளினிக், என்றைக்கு அப்பாயின்ட்மென்ட், கையில் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு குறைகிறது. எதிர்முனையில் குழந்தை அழும். சிலர் வேலை இடைவேளையில் கழிவறைக்குள் நின்று கிசுகிசுப்பாகப் பேசுவார்கள். பெரும்பாலும் நிதியம் பணத்தைப் பெண்ணிடம் தருவதில்லை. இவ்வளவு தருகிறோம் என்று கிளினிக்குக்கு உறுதி எழுதிக் கொடுக்கிறது. வாரத்துக்கு இவ்வளவு என்று ஒதுக்கிய பணம் புதன்கிழமையே தீர்ந்துபோகும் வாரங்கள் உண்டு. வியாழக்கிழமை வருகிற போனுக்கு ‘இந்த வாரம் இல்லை’ என்று சொல்ல வேண்டியவள் யார்? பத்தொன்பது வயது மாணவி. குருவி தலையில் பனங்காய் வைப்பது இதுதான்.

இந்தப் பனங்காய்க்குச் சட்டத்தின் கனமும் உண்டு. டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல் ஒரு சட்டம்: ஏறத்தாழ ஆறு வாரத்துக்குப் பின் கருக்கலைப்புக்கு உதவிய எவர் மீதும் எந்தத் தனிமனிதரும் வழக்குப் போடலாம், ஜெயித்தால் குறைந்தது 10,000 டாலர். டாக்டர் மீது மட்டுமா? உதவிய எவரும் என்றால் போன் எடுத்தவளும் அதில் இழுக்கப்படலாம். 2022 ஜூன் 24இல் உச்சநீதிமன்றம் தன் 1973ஆம் ஆண்டுத் தீர்ப்பையே தூக்கி எறிந்ததும், டெக்சாஸ் நிதியங்கள் பணம் கொடுப்பதை நிறுத்திவைத்தன. அப்படிப்பட்ட மாநிலத்தில் மாணவியை ஹாட்லைனில் உட்காரவைக்கும் நிர்வாகி, முதல் நாளே வக்கீலை எதிரில் வைத்து, உன் பெயர் எந்தக் காகிதத்தில் வரும், வழக்கு வந்தால் உன் பக்கம் யார் நிற்பார் என்று சொல்லியாக வேண்டும். ரெல்ஃப் குடும்பத்தின் துயரத்தை இதோடு ஒப்பிடுவது அநாகரிகம். ஆனால் அந்தப் பெருக்கல் குறியைப் பற்றி வகுப்பெடுக்கும் அமைப்பு, தன் ஒப்பந்தத் தாளில் மாணவி எதற்குச் சம்மதிக்கிறாள் என்று விளக்காமல் கையெழுத்து வாங்கினால் அதற்கு என்ன பெயர்?

உயிர்ப்பயமும் உண்டு. 1994 டிசம்பர் 30 அன்று பாஸ்டனை ஒட்டிய புரூக்லைனில் ஒருவன் துப்பாக்கியோடு அடுத்தடுத்து இரண்டு கிளினிக்குகளுக்குள் புகுந்தான். செத்தவர்கள் ஷானன் லோனி, வயது 25. லீ ஆன் நிக்கோல்ஸ், வயது 38. இருவருமே வரவேற்பாளர்கள். எந்த அலுவலகத்திலும் புதிதாக வரும் பயிற்சிப் பெண்ணை முதலில் எங்கே உட்காரவைக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே வாசல் மேசை பயிற்சி மாணவிக்குக் கூடாது. முதல் இரண்டு வாரம் அவள் போன் எடுக்கக் கூடாது, பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். கடினமான அழைப்புக்குப் பிறகு பதினைந்து நிமிடம் அவளோடு பேச ஒரு பெரியவர் அங்கேயே இருக்க வேண்டும். ‘வெள்ளிக்கிழமை மீட்டிங்கில் பார்ப்போம்’ என்பது பதில் ஆகாது. அவள் தயாரித்த அறிக்கையில் அவள் பெயர் வேண்டும். அவளுடைய சொந்த உடல் கதையை நன்கொடைக் கடிதத்துக்குக் கேட்கக் கூடாது, அவளாக முன்வந்தாலும் ஒரு மாதம் பொறுக்கச் சொல்ல வேண்டும்.

இன்டர்ன்களைக் கவனிக்கும் ஒருங்கிணைப்பாளரையும் விட்டுவிட முடியாது. பாவம், அவரும் சில வருடம் முன்பு இதே நாற்காலியில் இருந்தவராகத்தான் இருப்பார். நிதி விண்ணப்பம், ஆண்டறிக்கை, நாலு கமிட்டி, அவற்றோடு ஆறு இன்டர்ன்களையும் அவர் தலையில் கட்டுகிறார்கள். ஒரு செமஸ்டர் பதினைந்து வாரம் என்றால் பழகுவதற்கு மூன்று, பரீட்சைக்கு இரண்டு போய், பத்து வாரம்தான் மிஞ்சும். அந்தப் பத்து வாரமும் ஆறு பேருக்கும் வாரம் தலா ஒரு மணி நேரம் ஒதுக்க முடியாதவர் இரண்டு பேரை எடுக்கட்டும். ‘ஆறு இளைஞர்களை உருவாக்கினோம்’ என்று ஆண்டறிக்கையில் போட ஆசை இருக்கும். அந்த வரிக்காக ஆள் எடுப்பது ஏமாற்று வேலை.

இதெல்லாம் அமெரிக்கக் கதை என்று தமிழ்நாட்டு நிறுவனத்தார் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார வேண்டாம். ஹாம்ப்ஷயரில் அந்தத் திட்டம் தொடங்கிய அதே 1981இல், செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமங்களில் 12 தலித் பெண்களும் சுந்தரி ரவீந்திரனும் சேர்ந்து கிராமப்புறப் பெண்களுக்கான அமைப்பு ஒன்றைத் தொடங்கினார்கள். பெண்களின் உடல்நலமும் உரிமையும் அதன் வேலை. அந்த ஊர்ப் பெண்களே அமைப்புக்கு உரியவர்களானார்கள். அதே தமிழ்நாட்டில் இன்று சமூகப்பணி மாணவர்களுக்கு வாரத்தில் இரண்டு நாள் களப்பணி. அந்த இரண்டு நாளும் இங்கே எப்படிப் போகிறது? பஸ் காசு கைக்காசு. ஜெராக்ஸ் எடுக்கவும், விழாவில் வரவேற்புரைக்கு நிற்கவும், விருந்தினருக்குச் சால்வை எடுத்துக் கொடுக்கவும் ஆள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துக்காகக் காலை ஒன்பதிலிருந்து காத்திருக்கும் பெண்கள் இந்த அரங்கிலேயே இருக்கிறார்கள். கேட்டால் கையை உயர்த்துவார்கள். மேற்பார்வையாளர்களும் இங்கேயே இருப்பதால் கேட்கவில்லை.

இந்தக் கூட்டத்திலிருந்து திரும்பிப் போகிற நிறுவனத்தார் அடுத்த பயிற்சி விளம்பரம் எழுதுமுன் இரண்டு வரி எழுதிப் பார்க்கட்டும். வருகிற பெண்ணுக்கு மாதம் எவ்வளவு, எந்தத் தேதியில் கையில் கிடைக்கும் என்பது முதல் வரி. புதன்கிழமையோடு பணம் தீர்ந்த வாரத்தில், வியாழக்கிழமை காலை போன் எடுக்கும்போது அவள் என்ன சொல்ல வேண்டும் என்பது இரண்டாவது. அந்த இரண்டாவது வரியை எழுத முடியாத அலுவலகத்தில், வியாழக்கிழமை போனை இயக்குநரே எடுக்கட்டும்.