இருட்பொருள் காட்டாத ஒளி

1933 ஆம் ஆண்டில் பிரிட்ஸ் சுவிக்கி என்னும் சுவிற்சர்லாந்து விஞ்ஞானி, கோமாத் திரளிலுள்ள நட்சத்திர மண்டலங்களின் வேகங்களை ஆராய்ந்தார். கண்ணுக்குப் புலனாகும் பொருளின் ஈர்ப்பு மட்டும் அவற்றை ஒன்றாகப் பிணைத்து வைக்கப் போதாது என்று கண்டார். ஒளிவிடாத அந்த மறைபொருளே இருட்பொருள். அது சாதாரண பொருளைப்போல் ஏறக்குறைய 5 மடங்கு உண்டு என்று இன்று கணிக்கப்படுகிறது. ஆயினும் அது எத்தகைய துணிக்கைகளால் ஆனது என்பது இன்னும் விளங்கவில்லை.

அதை அறிய ஒரு வழி உண்டு. இருட்பொருள் துணிக்கைகள் இரண்டு சந்திக்கும்போது ஒன்றையொன்று அழித்து, காமாக் கதிர்களாகவும் வேறு துணிக்கைகளாகவும் மாறக்கூடும் என்பது விஞ்ஞானிகள் பலரின் கருத்து. அக்கருத்து மெய்யாயின், இளம் பிரபஞ்சத்தில் அவை இவ்வாறு அழிந்து, எஞ்சியவையே இன்று நிலவுகின்றன. அழிவு விரைவாயின் எச்சம் குறையும்; மெதுவாயின் மிகும். ஆகவே, இன்றுள்ள எச்சத்தைக் கொண்டு அழிவின் வேகத்தைக் கணித்துவிடலாம். அக்கணிப்பே ஆராய்ச்சியாளர் கையிலுள்ள அளவுகோல்.

2009 ஆம் ஆண்டில் பமேலா என்னும் விண்வெளிக் கருவியின் முடிவுகள் பெரும் பரபரப்பை உண்டாக்கின. அண்டக்கதிர்களில், உயர்ந்த சக்திகளிலே, பொசித்திரன்களின் பங்கு எதிர்பாராத வகையில் ஏறிச்சென்றது. இருட்பொருளின் சுவடு அகப்பட்டது என்று பலர் எண்ணினர். ஆனால் அதே கருவி அளந்த எதிர்ப்புரோத்தன்கள் மிகவில்லை. அன்றியும், அத்தனை பொசித்திரன்கள் தோன்றுவதற்கு, கணித்த வேகத்திலும் நூற்றுக்கணக்கான மடங்கு விரைவாக அழிவு நிகழ வேண்டியிருந்தது.

அத்தகைய அழிவு, பிரபஞ்சம் ஏறக்குறைய 3,80,000 வயதுடையதாயிருந்தபோது வெளிப்பட்ட ஆதி ஒளியிலும் தடம் பதித்திருக்கும். பிளாங்க் செய்மதி வரைந்த படத்தில் அத்தடம் இல்லை. எனவே பொசித்திரன் மிகுதிக்குக் கூறப்பட்ட இருட்பொருள் விளக்கங்களிற் பெரும்பாலானவை தள்ளுண்டன. துடிப்பு விண்மீன்களே அவற்றின் பிறப்பிடமாகலாம் என்று இப்பொழுது கருதப்படுகிறது.

சந்தை இரைச்சலில் மெல்லிய குரல் கேளாது. நமது பால்வீதியின் நடுப்பகுதி அத்தகைய சந்தை. அதனைச் சூழ்ந்துள்ள குறு மண்டலங்களோ அமைதியானவை, இருட்பொருள் மிக்கவை. 2008 ஆம் ஆண்டில் ஏவப்பட்ட பேர்மி செய்மதி, அவற்றில் 15 மண்டலங்களை 6 ஆண்டுகள் நோக்கியதன் முடிவு 2015 இல் வெளியாயிற்று. காமாக் கதிர்களின் மிகுதி எதுவும் தென்படவில்லை. புரோத்தனின் நிறையைப்போல் ஏறக்குறைய 100 மடங்கிற்குக் குறைந்த நிறையுடைய துணிக்கைகள், சில குறித்த வழிகளில், கணித்த வேகத்தில் அழிகின்றன என்னும் கொள்கை அதனால் இடிந்தது. அதனினும் கனத்த துணிக்கைகளுக்கும், வேறு வழிகளில் அழிவனவற்றுக்கும் இடம் இன்னும் உண்டு.

ஒன்றும் தென்படாமை தோல்வியன்று. எங்கே இல்லை என்று உறுதியாக அறிந்தவன், இனி எங்கே தேடவேண்டும் என்பதையும் அறிந்தவனாகிறான்.