பெயர் ஒன்று போதாது

விண்ணப்பத் தாளில் 'குடும்பப் பெயர்' என்ற இடத்தைக் கண்டதும் வேற்று மாநிலங்களில் வாழும் நம்மவர் சற்றுத் தயங்குவது வழக்கம். தந்தையின் பெயரைத் தலைப்பெழுத்தாகக் கொண்டவர் அங்கே எதை எழுதுவார்? பிரிட்டனின் மேற்கேயுள்ள வேல்ஸ் நாட்டிலும் முற்காலத்தில் தந்தையின் பெயரே மகனுக்கு அடையாளமாக விளங்கியது. ரீஸ் என்பவரின் மகன் ஓவன், 'ஓவன் அப் ரீஸ்' எனப்பட்டான். 'அப்' என்றால் மகன்.

பின்னர் ஆங்கில ஆட்சிமுறையை ஒட்டி, இப்பெயர்கள் சிறிது சிறிதாக நிலைத்த குடும்பப் பெயர்களாயின. 'அப் ரீஸ்' என்பது பிரைஸ் ஆயிற்று. 'அப் ஹவெல்' பவெல் ஆயிற்று. ஜோன்ஸ், டேவிஸ், வில்லியம்ஸ் போன்ற சில பெயர்களே நாடெங்கும் பரவின. ஆகையால், தம் மூதாதையான ஜான் ஜோன்ஸைத் தேடிச் செல்பவர், ஒரே ஊரில் பல ஜான் ஜோன்ஸ்களைக் காண்கிறார். அவர்களுள் தம்மவர் யார்?

தொழில் முதலில் துணை செய்கிறது. 1851ஆம் ஆண்டுக் குடிக்கணக்கு ஒவ்வொருவரின் தொழிலையும், பிறந்த ஊரையும், குடும்பத் தலைவருக்கு அவர் என்ன உறவு என்பதையும் கூறுகிறது. கற்பலகை வெட்டியவரை வடக்கே பெதெஸ்டாவிலும், நிலக்கரி வெட்டியவரைத் தெற்கே ரோண்டாப் பள்ளத்தாக்கிலும் தேடலாம்.

அடுத்தது சமயம். இங்கே எச்சரிக்கை தேவை. 1754 முதல் 1837 வரை, குவேக்கர்களும் யூதர்களும் நீங்கலாக, அனைவரும் அரசாங்கத் திருச்சபையின் கோயிலிலேயே மணம் புரிய வேண்டும் என்பது சட்டம். எனவே, திருமணப் பதிவு அங்கே இருப்பதைக் கொண்டு ஒருவரின் சமயப் பிரிவை முடிவு செய்தல் ஆகாது. அவர் பாப்டிஸ்டாகவோ மெதடிஸ்டாகவோ இருந்திருக்கலாம். மெதடிஸ்டாயின், குழந்தைகளின் ஞானஸ்நானம் அச்சபையின் ஏட்டில் பதிவாகியிருக்கலாம். பிழைப்புக்காக ஊர் மாறியவர்கள், பழைய சபையின் அறிமுகக் கடிதத்துடன் புதிய சபையில் சேர்வதும் உண்டு.

உறவு மூன்றாவது. 1837 முதல் எழுதப்பட்ட திருமணச் சான்றுகளில் மணமக்கள் இருவரின் தந்தையர் பெயரும் தொழிலும் காணப்படும். தாய்வீட்டுப் பெயரைக் குழந்தைக்கு நடுப்பெயராக இடுவதும் அந்நாட்டில் உண்டு. 1858க்கு முற்பட்ட உயில்கள், 1907இல் நிறுவப்பெற்ற தேசிய நூலகத்தில், அபெரிஸ்ட்வித் நகரில் பாதுகாக்கப்படுகின்றன. இம்மூன்றும் ஒன்றையொன்று உறுதிப்படுத்தும்போதுதான் பல ஜோன்ஸ்களிடையே ஒரு ஜோன்ஸ் தனித்துத் தெரிகிறார்.

நேயர்களே, டில்லியிலும் மும்பையிலும் பிறந்து வளரும் நம் பேரக்குழந்தைகளுக்கு நம்மைப் பற்றி என்ன கிடைக்கும்? 'ஆர்' என்ற ஓர் எழுத்து கிடைக்கும். அது ராமசாமியா, ரங்கநாதனா என்பதை அவர்கள் யாரிடம் கேட்பார்கள்? பாட்டனாரின் முழுப் பெயர், அவர் ஊர், செய்த தொழில், குலதெய்வம், பாட்டியின் பிறந்தகம் ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். சொல்லக்கூடிய பெரியவர்கள் வீட்டில் இருக்கும்போதே எழுதி வையுங்கள்.