கூட்டுத் தொழிலுக்கு ஆள் பார்க்கும்போது

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



போன மாசம் வெளிநாட்டிலிருந்து ஒருத்தர் வந்து நம்ம பனை ஓலைக் கூடைகளைப் பார்த்துட்டுப் போனார். ‘நாம சேர்ந்தே கம்பெனி நடத்தலாம்’ என்றார். நாம கேட்டது ஒரே கேள்விதான்: கூடைக்கு எவ்வளவு தருவீங்க? அது வியாபாரியிடம் கேட்கிற கேள்வி. கூட்டாளியிடம் கேட்க வேண்டியது வேற.

மேற்கு ஆப்பிரிக்காவில் கானா என்றொரு நாடு. சாக்லேட் செய்யும் கோகோ அங்கே நிறைய விளையுது. எடையில் ஏமாற்றப்பட்ட விவசாயிகள் 1993-ல் ‘குவாபா கோக்கூ’ என்ற சங்கம் தொடங்கி, தங்கள் மூட்டையைத் தாங்களே எடை போட ஆரம்பித்தார்கள். (நம்ம ஊரு தராசு ஞாபகம் வருதா?) 1998-ல் லண்டனில் தொடங்கிய ஒரு சாக்லேட் கம்பெனியில் பங்குதாரர் ஆனார்கள். ‘டிவைன்’ என்பது அந்த சாக்லேட்டின் பெயர்.

யாரோடு சேர்ந்தாங்க தெரியுமா? சங்கம் தொடங்கிய நாளிலிருந்தே கூட நின்ற ‘ட்வின்’ என்ற பிரிட்டன் அமைப்போடு. ஐந்து வருஷம் பழகிப் பார்த்த பிறகுதான் கம்பெனி. பொண்ணு கொடுக்கவே நாலு இடத்தில் விசாரிக்கிறோம், இதுக்கு வேண்டாமா?

அவர்கள் விலையோடு நிற்கவில்லை. கம்பெனியில் மூன்றில் ஒரு பங்கும், நிர்வாகக் குழுவில் தங்கள் பிரதிநிதிகளுக்கு இடமும் வாங்கினார்கள். 2006-ல் இன்னொரு பங்குதாரரான ‘பாடி ஷாப்’ தன் பங்கை அவர்களுக்கே கொடுத்துவிட, அது 45 சதவீதம் ஆச்சு.

ஆனா 45 என்பது பாதி இல்லையே! 2020-ல் ‘வைன்ரிக்’ என்ற ஜெர்மன் கம்பெனி பெரும்பங்கை எடுத்துக்கொண்டது. விவசாயிகளின் பங்கு 20 சதவீதமாகக் குறைந்தது. பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தும், கடைசியில் கூட்டாளி மாறிட்டார்.

அதனால அடுத்த முறை அவர் வரும்போது நம்ம பிரதிநிதிகள் இதைக் கேட்கணும். இதுக்கு முன்னாடி யாரோடு தொழில் செஞ்சீங்க, அவங்ககிட்ட நாங்க பேசலாமா? எங்க பங்கு எத்தனை? கணக்கை எங்க ஆளும் பார்க்கலாமா? உங்க பங்கை வேற ஒருத்தருக்கு வித்தா எங்களைக் கேட்பீங்களா?

அவர் கொடுத்துட்டுப் போன ஒப்பந்தம் பதினாலு பக்கம், எல்லாம் இங்கிலீஷ். கையெழுத்துப் போடுற இடத்துக்கு மட்டும் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு வச்சிருக்கார். தமிழில் எழுதி அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வர்றேன். ஒவ்வொரு குழுவிலும் வாசித்து, தீர்மான நோட்டில் ஏற்றும்வரை யாரும் பேனாவை எடுக்க வேண்டாம்.