பிடியரிசி



மம்சாபுரத்தில் என்னிடம் படித்த பிள்ளைகளே, ஓய்வு பெற்று வீட்டோடு இருந்த வாத்தியாரைக் கூட்டி வந்து மாலை போட்டிருக்கிறீர்கள். மனசு நிறைந்திருக்கிறது. இந்த நேரத்தில் நம் மாவட்டத்துக் கதை ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது.

விருதுநகரில் 1889-இல் சத்திரிய வித்தியாசாலை தொடங்கியது. பிள்ளைகளிடம் சம்பளம் வாங்காத பள்ளி. அது நடக்க வியாபாரிகள் தங்கள் வியாபாரத்தில் ஒரு பங்கை மகமையாகக் கொடுத்தார்கள். வீட்டுப் பெண்கள் பிடியரிசி கொடுத்தார்கள். உலையில் போடுமுன் ஒரு கைப்பிடி அரிசியைப் பள்ளிக்கூடத்துக்கென்று தனிக் கலயத்தில் எடுத்து வைப்பது! கவனியுங்கள், சாப்பிட்டு மிஞ்சியதை அல்ல, சமைக்குமுன் எடுத்ததை. தான் எழுத்து அறியாத தாயும் அதை எடுத்து வைத்தாள். வாத்தியாருக்கு இதைவிடப் பெரிய மரியாதையை நான் கேள்விப்பட்டதில்லை.

அந்தப் பிடியரிசிப் பள்ளியில்தான் காமராஜர் படித்தார். தகப்பனை இழந்த பிள்ளை. ஆறாம் வகுப்போடு படிப்பு நின்று, மாமாவின் துணிக்கடைக்குப் போனார். அன்றைக்கு அவருடைய வாத்தியார் என்ன நினைத்திருப்பார்? ஒரு பையன் கைநழுவிப் போனானே என்று வருந்தியிருப்பார். அதே பையன் முதலமைச்சராகி, ஊர் ஊராகப் பள்ளிகளைத் திறந்து, 1956-இல் மதிய உணவும் போட்டார். பள்ளிக்கூடத்துக்கு வீடு கொடுத்த அரிசி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் தட்டுக்கே திரும்பி வந்தது. அதைப் பார்க்க அவருக்குப் பாடம் சொன்னவர்களில் எத்தனை பேர் உயிரோடு இருந்தார்களோ! வாத்தியார் வேலையின் கூலி பெரும்பாலும் அப்படித்தான், நாம் இல்லாத இடத்தில் போய்ச் சேரும்.

எனக்கு அந்தக் கூலியில் கொஞ்சம் கண்முன்னாலேயே கிடைத்தது. வகுத்தல் கணக்கில் மீதி எழுத மறந்து மறந்து மதிப்பெண் இழந்த மாணவன் ஒருவன், இன்று ராஜபாளையத்தில் தேங்காய் வியாபாரம் செய்கிறான். போன மாதம் பஸ் நிலையத்தில் என் பையை வாங்கிக்கொண்டு சொன்னான்: "சார், இப்பல்லாம் மீதியை மறக்கிறதே இல்ல. எண்ணி முடிச்சு மிஞ்சுற காயை வெட்டு ஆளுகளுக்குக் கொடுத்துருவேன்." நான் நடத்தியது வகுத்தல் மட்டும்தான். பிரித்துக் கொடுப்பதை அவனாகக் கற்றுக்கொண்டான். ஓய்வூதியத்தில் வராத சம்பளம் அது.

பிள்ளைகளே, எனக்குப் போட்ட மாலை போதும். நாளைக் காலை நம் ஊர்ப் பள்ளிக்குப் போங்கள். இன்றைக்குப் பாடம் நடத்திக்கொண்டிருக்கும் ஆசிரியரிடம், "வகுப்புக்கு என்ன வேண்டும்?" என்று கேளுங்கள். அவர் ஓய்வு பெறும்வரை காத்திருக்காதீர்கள்.