ரிப்போர்ட்டில் ‘பாசிட்டிவ்’ என்று வந்தால்

அமெரிக்காவில் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரி சார்ந்த மருத்துவமனைகளில் 60 பேரிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். மூத்த மருத்துவர்கள், பயிற்சி மருத்துவர்கள், கடைசி ஆண்டு மாணவர்கள். ஆய்வு வெளிவந்தது 1978-ல்.

ஆயிரத்தில் ஒருவருக்கு இருக்கும் நோய். அதைக் கண்டுபிடிக்க ஒரு டெஸ்ட். நோய் இல்லாதவர்களிலும் நூற்றுக்கு ஐந்து பேருக்கு ‘இருக்கிறது’ என்று அது தவறாகக் காட்டும். அப்படியானால், ‘பாசிட்டிவ்’ வந்த ஒருவருக்கு நிஜமாகவே நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு?

வேறெந்த விடையையும் விட அதிகம் பேர் சொன்னது 95 சதவீதம். சரியான விடை ஏறத்தாழ 2 சதவீதம்! சரியாகச் சொன்னவர்கள் 11 பேர்தான்.

கணக்கைப் பாருங்கள். ஆயிரம் பேரைச் சோதித்தால் நோயாளி ஒருவர். மற்ற 999 பேரில் சுமார் 50 பேருக்குப் பொய்யாகப் ‘பாசிட்டிவ்’ வரும். ஆக 51 பேர் கலங்கிப்போய் உட்கார்ந்திருப்பார்கள்; நோய் ஒருவருக்கு மட்டும்.

டெஸ்ட்டே வீண் என்று இதற்குப் பொருளில்லை. இருமல், எடை குறைவு, குடும்பத்தில் யாருக்காவது அந்த நோய் என்று ஏதாவது இருந்தால், வாய்ப்பு சட்டென்று கூடிவிடும். டாக்டர் அத்தனை கேள்விகள் கேட்பது அதற்காகத்தான்.

ஆகவே நேயர்களே, ரிப்போர்ட்டைப் பார்த்ததும் இடிந்து போகாதீர்கள், தூக்கியும் எறியாதீர்கள். “என் வயதுக்கும் உடம்புக்கும் இது உண்மையாக இருக்க எவ்வளவு வாய்ப்பு டாக்டர்?” என்று கேளுங்கள்.