மெஷின் போட்ட கோட்டை மெஷினே எடுக்கும்

(கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



மகளிர் திட்டத்துக்கு முன்னோடியான திட்டம் 1989இல் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கியது. அந்தக் காலத்துத் தீர்மானப் புத்தகங்களில் கறவை மாடு, ஆடு, பெட்டிக்கடை என்றுதான் கடனுக்குக் காரணம் இருக்கும். இன்றைக்கு நம் குழுக்களில் சிலர் வாட்டர் வாஷ், பாலிஷ் தொழிலுக்கு வந்திருக்கிறீர்கள். நம்ம பகுதிக்குப் பொருத்தமான தொழில்தான். நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைகள், திருச்செங்கோட்டில் ரிக் வண்டிகள், சங்ககிரியில் லாரிகள் என்று வண்டிக்குப் பஞ்சமில்லை. ஆயுத பூஜை வந்தால் கார், பைக் எல்லாம் சேர்ந்து வரிசையில் நிற்கும்.

ஆனால் பாலிஷ் மெஷின் கையில் எடுத்த எல்லோருக்கும் ஒருநாள் தவறு நடக்கும். நிழலில் பார்த்தால் கண்ணாடி மாதிரி இருக்கும். வண்டியை வெயிலுக்கு எடுத்ததும் வட்ட வட்டமாகக் கோடு தெரியும். "அய்யோ, வண்டி போச்சே" என்று பதறுகிறோம். பதற வேண்டாம். எது திரும்பும், எது திரும்பாது என்று தெரிந்தால் போதும். இன்றைக்கு அதைத்தான் பேசப்போகிறேன்.

முதலில் பெயிண்டைப் புரிந்துகொள்வோம். கம்பெனியிலிருந்து வரும் காரில் தகடு மேல் பிரைமர், அதன் மேல் கலர், அதற்கும் மேல் நிறமில்லாத கிளியர் கோட். எல்லாம் சேர்ந்தாலே நம் பதிவேட்டின் ஒரு தாள் கனம்தான் இருக்கும். கிளியர் கோட் மட்டும் அதில் ஏறக்குறைய பாதி, 40 முதல் 50 மைக்ரான். ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர். பாலிஷ் என்பது அந்தக் கிளியர் கோட்டைக் கொஞ்சம் தேய்த்து எடுப்பதுதான். இது பணம் எடுக்க மட்டுமே முடிகிற சேமிப்புக் கணக்கு. திரும்பப் போட முடியாது. அதனால்தான் "இன்னொரு தடவை அழுத்தித் தேய்" என்பது ஆபத்தான யோசனை.

இப்போது தவறுகளைப் பார்ப்போம்.

முதலாவது, வட்டக் கோடும் அலை அலையான நிழலும். கம்பளி பேடில் ரப்பிங் காம்பவுண்ட் போட்டு ஓட்டிவிட்டு, மென்மையான பேடில் முடிக்காமல் விட்டால் இது வரும். பேடில் மண் துகள் இருந்தாலும் வரும். இது மேலாகத்தான் இருக்கும், சரி செய்யலாம். வண்டியை நன்றாகக் கழுவித் துடையுங்கள். ஓரங்களுக்கும் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். சுத்தமான மென்மையான ஸ்பாஞ்ச் பேட், நைஸ் பாலிஷ், இவை இரண்டும் போதும். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி இடத்தில் முதலில் சோதனை பாருங்கள். மெஷினை நிமிடத்துக்கு 1,000 முதல் 1,500 சுற்றில் வைத்து, பேடைத் தட்டையாகப் பிடித்து, அழுத்தாமல் மெதுவாக நகர்த்துங்கள். சரியாக வந்த பிறகுதான் மற்ற இடம். சுழன்றுகொண்டே ஆடவும் செய்கிற மெஷின் கிடைத்தால் புதிதாகக் கற்பவர்களுக்கு அதுவே நல்லது. கோடு குறைவாக விழும், சூடும் குறைவு.

இரண்டாவது, காம்பவுண்ட் காய்ந்து வெள்ளையாக ஒட்டுவது. நம்ம ஊர் சித்திரை வெயிலில் பேனட் தோசைக்கல் மாதிரி கொதிக்கும். அதன் மேல் பாலிஷ் போட்டால் காயாமல் என்ன செய்யும்? காலை நேரத்தில், நிழலில் வேலை செய்யுங்கள். ஒட்டியதைச் சுரண்டாதீர்கள். சோப்புத் தண்ணீரும் மென்மையான பிரஷ்ஷும் போதும். போர் தண்ணீரில் கழுவினால் உடனே துடைத்துவிடுங்கள். உப்புக்கறை தனியாக ஒரு வேலை வைக்கும்.

மூன்றாவது, எரிந்துபோவது. ஓரம், மடிப்பு, கைப்பிடிப் பக்கம் இங்கெல்லாம் பெயிண்ட் மெலிதாக இருக்கும். மெஷின் ஒரே இடத்தில் நின்றால் சூடேறி கிளியர் கோட் போய்விடும். இதை எப்படித் தெரிந்துகொள்வது? கிளியர் கோட் உள்ள காரில் தேய்க்கும்போது பேடில் வண்டியின் கலர் ஏறினால் உடனே நிறுத்துங்கள். கிளியர் கோட்டே இல்லாத பழைய பெயிண்டில் கலர் வருவது இயல்பு. அதனால் எந்தப் பெயிண்ட் என்று வேலைக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கிளியர் கோட் போய்விட்டால் எந்தப் பாலிஷும் அதைக் கொண்டுவராது. பெயிண்டரிடம் கொடுத்து மறுபடி அடிப்பதுதான் வழி. அதேபோல, நகத்தை ஓட்டினால் நகம் மாட்டும் கீறல் ஆழமானது. அதைத் துரத்திக்கொண்டு தேய்க்காதீர்கள். புதிதாகப் பெயிண்ட் அடித்த வண்டி என்றால் எத்தனை நாள் காய வேண்டும் என்று அடித்த பெயிண்டரையே கேளுங்கள்.

இன்னொன்று. கோட்டை மறைக்க எண்ணெய்ப் பசை உள்ள பாலிஷைத் தடவி அனுப்பும் பழக்கம் சில இடங்களில் உண்டு. நாலு வாஷில் அது போய்விடும், கோடு திரும்ப வரும், வாடிக்கையாளர் திரும்ப வர மாட்டார். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பாதிக்கு மேல் தண்ணீர் கலந்து துடைத்துவிட்டு, வெயிலில் நிறுத்திப் பாருங்கள். அப்போது தெரிவதுதான் உண்மையான பளபளப்பு. அடுப்பு, பீடி நெருப்பு பக்கத்தில் அதை வைக்கக் கூடாது.

சேலை, துப்பட்டா, கூந்தல் பற்றியும் சொல்லியாக வேண்டும். சுழலும் மெஷின் முந்தானையை இழுத்தால் கையும் போகும். மேலே கோட் போட்டு, முடியைக் கட்டி, கண்ணாடியும் மாஸ்க்கும் அணிந்து செய்யுங்கள். ஒயரைத் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொள்ளுங்கள். எர்த் இல்லாத பிளக்கில் மெஷினைச் சொருகாதீர்கள்.

கடைசியாகக் குழுவுக்கு. ஒரு பேனட்டில் கோடு விழுந்ததும், "இனி எனக்கு மெஷின் வேண்டாமுங்க, நான் துடைக்கிறேன்" என்று ஒதுங்கிய சகோதரிகளைப் பார்த்திருக்கிறேன். "பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை" என்று வெளியே யாரோ சொன்னதை விட, நஷ்டத்தை அவர் தலையிலேயே கட்டினார்களே, அதுதான் அவரை ஒதுக்கியது. மெஷின் குழுவுடையது, வருமானம் குழுவுடையது என்றால் நஷ்டமும் குழுவுடையதுதானே? ஒவ்வொரு வேலையிலும் கொஞ்சம் பணம் ஒதுக்கி வையுங்கள். தவறு நடந்தால் அதிலிருந்து செலவு செய்வோம் என்று இப்போதே தீர்மானம் எழுதுங்கள். தவறு நடந்த பிறகு எழுதினால் சண்டைதான் மிஞ்சும்.

வண்டி வந்ததும் உரிமையாளரோடு சுற்றிப் பார்த்து, ஏற்கெனவே உள்ள கீறல்களை நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், செல்போனில் படமும் எடுங்கள். நம் தவறு என்றால் வண்டி வாசலைத் தாண்டும் முன்பே, "இந்த இடத்தில் இப்படி ஆகிவிட்டது, நாங்களே சரி செய்து தருகிறோம்" என்று சொல்லுங்கள். கோபப்படுவார், படட்டும். மறைத்தது பின்னால் தெரிந்தால் ஊர் முழுக்கச் சொல்வார்.

அடுத்த கூட்டத்துக்கு பழைய கார் கதவு ஒன்று ஏற்பாடு செய்கிறோம். மெஷினை ஒதுக்கி வைத்த சகோதரிகள்தான் முதலில் பிடிக்க வேண்டும். வருவீங்கதானே?