கொதிநீராவி செய்யும் வேலை

பதுளையில் அடுப்பிலேற்றிய கேத்தல் கொழும்பில் உள்ளதைவிடக் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடுகின்றது. கடல் மட்டத்தில் 100 பாகை செல்சியசில் கொதிக்கும் நீர், இவ்வுயரத்தில் ஏறத்தாழ 98 பாகையிலே கொதிக்கும். மேலிருந்து அழுத்தும் காற்றின் பாரம் இங்கே குறைவன்றோ? அப்படியாயின், அக்காற்றைத் தள்ளி இடம்பிடிக்க நீராவி செய்யும் வேலையும் குறையுமா? மாணவர் கேட்கத்தக்க நல்ல கேள்வி இது.

வேலை என்பது அமுக்கத்தையும் கனவளவு மாற்றத்தையும் பெருக்கி வருவது. கடல் மட்டத்தில் ஒரு லீற்றர் நீர் ஏறத்தாழ 1,670 லீற்றர் ஆவியாக விரிகின்றது. அதற்குரிய வேலை 170 கிலோயூல் அளவு. பதுளையிலோ அமுக்கம் தாழ்ந்தாலும் ஆவி 1,800 லீற்றர் வரை விரியும். பெருக்கிப் பார்த்தால் வேலை அநேகமாக மாறவில்லை! ஆவியாக்கச் செலவாகும் 2,257 கிலோயூல் வெப்பத்தில் இது ஏறத்தாழ பதின்மூன்றில் ஒரு பங்கே. எஞ்சியது நீர் மூலக்கூறுகளைப் பிரித்தெடுக்கவே போய்விடுகின்றது.

மூடியை இறுக அடைத்துவிட்டால் என்னாகும்? அமுக்கம் ஏறும், கனவளவு மாறாது, வெடிக்கும் வரையில் வேலை ஏதும் நடைபெறாது. அமுக்கம் மிகுந்தால் வேலையும் மிகும் என்று எண்ணுவோர் இதைச் சிந்திக்க வேண்டும்.

இதனை நன்கறிந்தவர்கள் மலைநாட்டுப் புகையிரதச் சாரதிகள். 1924ஆம் ஆண்டிலே பாதை பதுளையை எட்டியது. அதன்பின் ஊவாத் தோட்டங்களின் தேயிலைப் பெட்டிகள் கொழும்புக்கு இறங்குமுன், தெமோதரை வளையத்தைச் சுற்றி, ஏறத்தாழ 1,890 மீற்றர் உயரத்துப் பட்டிப்பொலவுக்கு ஏற வேண்டியிருந்தது. டீசல் எஞ்சின்கள் வரும்வரை அப்பாரத்தை இழுத்தது கொதிநீராவியே.

உருளைக்குள் ஆவியைச் சிறிதளவு விட்டு வாயிலை அடைத்தால், அது விரிந்து, அமுக்கம் தளரத் தளர முசலத்தைத் தள்ளும். ஒவ்வொரு தள்ளலிலும் கிடைக்கும் வேலை குறைவு. ஆனால் அதே ஆவியிலிருந்து பெறும் பயன் அதிகம். சமநிலத்திற்கு இது போதும். ஏற்றத்திலோ வாயிலை நெடுநேரம் திறந்துவைத்தாலன்றி வண்டி அசையாது. அப்போது இன்னும் வலுவுள்ள ஆவியே புகைபோக்கி வழியே பாய்ந்து வெளியேறும். ஏற்றங்களிலே கேட்ட அந்தப் பெருமூச்சு, கடல் கடந்து வந்த நிலக்கரி வீணாகிய ஓசையுமாகும்.